நிலம் தனியாருடையது, தரவு யாருடையது?

அழியும் உயிரினங்களுக்கான பாதுகாப்புத் திட்டம் வகுக்கும் அறிவியலாளர் எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்பவர்களோடு எனக்கு ஓரளவுக்குத்தான் உடன்பாடு. ஒரு பறவையை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவருக்கு அது அழியக் கூடாது என்ற விருப்பம் இருப்பது இயல்பு. அதை வெளிப்படையாகச் சொல்வதிலும் தவறில்லை. ஆனால் அவருடைய ஆய்வின் பேரில் பிறர் நிலத்தின் மீது கட்டுப்பாடு வரும்போது, அந்த ஆய்வின் அளவீடுகளைப் பார்க்கும் உரிமை நில உரிமையாளருக்கு இருந்தே ஆக வேண்டும்.

தென் கலிஃபோர்னியாவின் கடலோரப் புதர்க்காடுகளில் வாழும் நாட்கேச்சர் என்ற சாம்பல் நிறச் சிறு பறவையின் வழக்கை இதற்காகவே அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அதன் வாழிடத்தில் பெரும்பங்கு வீட்டுமனைக்குப் பெருவிலை போகும் தனியார் நிலம். 1993 மார்ச்சில் அமெரிக்க அரசு இப்பறவையின் அங்கு வாழும் துணையினத்தை (ஓர் இனத்துக்குள் தனித்து அறியப்படும் கிளையை) அச்சுறுத்தலுக்கு உள்ளானதாக அறிவித்தது. அந்த முடிவு ஜோனதன் ஆட்வுட் என்ற பறவையியலாளரின் ஆய்வைப் பெரிதும் சார்ந்திருந்தது. பாதுகாப்புக் கோரி மனுச் செய்தவர்களில் அவரும் ஒருவர். மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் ஏறத்தாழ 25 பாகை வட அட்சரேகை வரை இத்துணையினம் பரவியிருப்பதாக 1988இல் எழுதிய அவர், அதே தரவை மறுபடி ஆராய்ந்து, தெற்கெல்லை 30 பாகையோடு முடிகிறது என்றார். எல்லை வடக்கே நகர்ந்தால் பறவைகளின் எண்ணிக்கை சுருங்கும், பாதுகாப்புக்கான காரணம் வலுக்கும்.

முடிவை மாற்றிக்கொண்டதற்காக ஒருவரைச் சந்தேகிப்பது நியாயமல்ல. அறிவியலில் அது அன்றாடம் நடப்பது. கட்டுமான நிறுவனத்தார் மூலத் தரவைக் கேட்டும் அது கிடைக்கவில்லை என்பதுதான் சிக்கல். முடிவெடுத்த அரசுத் துறையே அந்தத் தரவைப் பார்க்காமல், அறிக்கையை மட்டும் நம்பியிருந்தது. கட்டுமானத் துறையினர் தொடுத்த வழக்கில், 1994 மேயில் நீதிபதி ஸ்டான்லி ஸ்போர்கின் அந்த அறிவிப்பை ரத்து செய்தார். பிறகு தரவு வெளியாகி, பொதுமக்கள் கருத்தும் கேட்கப்பட்டு, 1995 மார்ச்சில் அரசு தன் பழைய முடிவையே உறுதிசெய்தது. தரவு வெளியானதால் பறவைக்கு எந்தக் கேடும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதே நிலங்களுக்காக, 1991ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தின் கீழ், டென்னிஸ் மர்ஃபி தலைமையிலான அறிவியல் குழு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நீண்டகாலத் திட்டம் உருவாகும் வரை புதர்க்காட்டின் இழப்பு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. எனக்கு அது நல்ல முடிவாகவே படுகிறது. ஆயினும் எவ்வளவு இழப்பைத் துணிந்து ஏற்கலாம் என்பது எந்தக் கருவியாலும் அளந்து பெறக்கூடியதல்ல. அது விவேகத்தின்பாற்பட்ட தீர்மானம். அறிவியலாளர் அதை அப்படியே சொல்லிவிட்டால், நில உரிமையாளரும் ஊராட்சி அமைப்பும் அதனுடன் வாதிடலாம். அளவீட்டின் உடையை அணிவித்து அனுப்பினால் எதிர்வாதத்துக்கு இடமே இராது. (நில நிறுவனங்கள் கூலி கொடுத்து அமர்த்தும் உயிரியலாளர்களிடம் இதே கண்டிப்பை யாரும் காட்டுவதில்லை என்பது வேறு கதை.)

வகைப்பாட்டுச் சண்டை அத்தோடு ஓயவில்லை. பாதுகாக்கப்பட்ட அந்த நாட்கேச்சர் தனித் துணையினமே அல்ல என்று ராபர்ட் ஜிங்க் குழுவினர் 2000இல் மரபணுச் சான்றுடன் எழுதினர். அதே வாதத்தோடு 2014இல் பாதுகாப்பை நீக்கக் கோரும் மனு வந்தது; 2016இல் அரசு அதை நிராகரித்தது. இம்முறை இரு தரப்பும் ஒரே தரவைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றியே சண்டையிட்டன.