எத்தனை மாதம் இருக்கும் என்று கேட்பவர்களுக்கு

சனிக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நடந்தது இங்கே பலருக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு விளக்கப்போவதில்லை, எழுத உட்கார்ந்தால் ரத்த அழுத்தம்தான் ஏறுகிறது. "சாகப்போகிற நாயைக் கூட்டிவந்து லிஃப்டை நாறடிக்கிறார்கள்" என்ற ஒரு வரி போதும். சொன்னவர் கோபத்தில்கூடச் சொல்லவில்லை. டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள். அதில் இருவர் வீட்டுக்குப் போன வாரம்தான் நான் கொழுக்கட்டை கொடுத்தனுப்பினேன்.

சரி, நாற்றம். ஆமாம், காப்பகத்திலிருந்து நான் கூட்டிவந்த கிழட்டு நாய் ரோஸியின் வாய் நாறுகிறது. அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின், ரத்தப் பரிசோதனையில் 5-ஐத் தாண்டிவிட்டது. நல்ல உடம்புள்ள நாய்க்கு அது 2-ஐக்கூடத் தொடாது. சிறுநீரில் வெளியேற வேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்கினால் மூச்சில் அந்த வாடை வரும், வாயில் புண் வரும். எத்தனை முறை குளிப்பாட்டினாலும் போகாது. வேண்டுமானால் சங்கம் தீர்மானம் போட்டு அவளைப் பல் துலக்கச் சொல்லட்டும்.

எனக்கு வலித்தது நாற்றப் பேச்சு அல்ல. "சாகப்போகிற" என்ற அந்தச் சொல். அவளைக் கூட்டிவந்த நாளிலிருந்து எல்லோரும் கேட்கும் ஒரே கேள்வி, "எத்தனை மாதம் இருக்கும்?" பழைய மோட்டார் சைக்கிள் வாங்குபவர் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று மீட்டரை எட்டிப் பார்ப்பதைப்போலக் கேட்கிறார்கள். சில மாதங்கள்தான் என்று மருத்துவர் சொல்லித்தான் கொடுத்தார். தெரிந்துதான் வாங்கிவந்தேன். என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று பரிதாபப்படுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்: தெரிந்துதான்.

காப்பகத்துக்குப் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் நேரே குட்டிகளிடம் போவார்கள். கிழடுகள் கம்பிக்குப் பின்னால் ஒருமுறை எழுந்து நிற்கும், பிறகு உட்கார்ந்துவிடும். ரோஸி லாப்ரடார். குட்டி போட வைத்து விற்றுச் சம்பாதித்த யாரோ ஒருவர், இனிமேல் பயனில்லை என்றதும் ராத்திரியோடு ராத்திரியாகக் காப்பகத்தின் கேட்டில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். மடி தரையைத் தொடுகிற அளவுக்குத் தொங்குகிறது. வெறும் சிமெண்டில் வருஷக்கணக்காகப் படுத்துப் படுத்து முன்னங்கால் முட்டிகள் இரண்டிலும் முடி உதிர்ந்து, தோல் யானைத் தோலாகக் காய்த்துக் கிடக்கிறது. பிராணிகளைப் பசிக்கும் தாகத்துக்கும் தவிக்கவிட்டுக் கைவிடுவது 1960-ஆம் வருடத்து வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை பிடிபட்டால் அபராதம் எவ்வளவு தெரியுமா? குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். எங்கள் குடியிருப்பில் வண்டியைக் கோடு தாண்டி நிறுத்தினால் இதைவிட அதிகம் வாங்குகிறார்கள்.

இன்னொன்று. 2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்கள் எல்லாவற்றையும் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பட்டாசு வெடிக்காத குறை. அதே மாதம் 22-ஆம் தேதி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுங்கள், வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடாதீர்கள் என்று அந்த உத்தரவு மாறியது. உடனே குழுவில் துக்கம். நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடவே கூடாது என்றதும் மறுபடி கொண்டாட்டம். நல்லது. எல்லா நாயும் காப்பகத்துக்குப் போக வேண்டும் என்கிறீர்கள். அங்கே இடம் எங்கிருந்து வரும்? ஒருத்தி வெளியே வந்தால்தானே இன்னொன்று உள்ளே போக முடியும்? அப்படி ஒருத்தி வெளியே வந்தாள். அதற்கும் கூட்டம் போட்டுச் சிரிக்கிறீர்கள்.

தெருநாய் கடித்த குழந்தையின் தாய் என்மேல் எரிந்து விழுந்தால் வாயைத் திறக்க மாட்டேன். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் கூட்டத்தில் பேசியவர் அந்தத் தாய் அல்லவே. ரோஸிக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டாயிற்று, மாநகராட்சி உரிமமும் வாங்கியாயிற்று. வாயில் மிச்சமிருக்கும் பற்களால் அவளுக்கு இட்லியைக் கடிப்பதே பெரும்பாடு.

"அந்தப் பணத்தை ஏழைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமே" என்கிறவர்கள், தாங்கள் கொடுத்த ரசீதோடு வந்தால் பேசலாம்.

"ஊசி போட்டு முடித்துவிடுவதுதானே கருணை" என்று கேட்டவரை மட்டும் நான் மதிக்கிறேன். அவர் வீட்டில் நாய் வளர்த்தவர். மருத்துவரும் நானும் அதைப் பேசி வைத்திருக்கிறோம். அவள் சோற்றைத் திரும்பிப் பார்க்காமல், எழவும் மாட்டாமல் கிடக்கும் நாள் வந்தால் செய்வோம். அந்த நாள் இன்னும் வரவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் ஜன்னல் கம்பியில் ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப்ஸ் பாட்டிலை மாட்டுகிறேன். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்து ஊசியைச் செருகினால் திரவம் தோலுக்கடியில் இறங்கி, ஒட்டகத் திமில் மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். சாயங்காலத்துக்குள் அது மெல்லச் சரிந்து ஒரு பக்கத்து முன்னங்காலில் வந்து தொங்கும். அதை ஆட்டிக்கொண்டே சமையலறைக்கு வந்து நிற்பாள். மறுநாள் உண்மையிலேயே தெம்பாக இருப்பாள், வாசலில் காய்காரர் குரல் கேட்டால் குரைப்பாள். இவளைத்தான் சாகப்போகிறவள் என்கிறீர்கள்.

என் அத்தையின் ஞாபகம் வருகிறது. மூன்று பிள்ளைகள், முறை வைத்து ஆளுக்கு ஒரு மாதம். பெட்டியை முழுசாக அவிழ்த்ததே கிடையாது. 31-ஆம் தேதி வரும் மாதங்களில் அந்த ஒரு நாள் யார் கணக்கு என்று போனில் பேசிக்கொள்வார்கள், அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. கடைசியில் அத்தையின் மூக்குக்கண்ணாடி உடைந்தது. டாக்டரிடம் "எத்தனை மாதம் தாங்கும்" என்று முன்பே கேட்டு வைத்திருந்தார்கள். "இனிமேல் புதுசு எதற்கு" என்று கண்ணாடியின் ஒரு பக்கத்துக் காலை நூலால் கட்டிக் கொடுத்தார்கள். காலையில் தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை விடாமல் படிக்கிற மனுஷி. அதற்குப் பிறகு பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், கையில் காசில்லை. அந்தப் பிள்ளைகள் மூவரும் நல்லவர்கள் என்றுதான் ஊரில் பெயர். கருமாதிக்கு முந்நூறு பேருக்குச் சாப்பாடு.

நாயையும் அத்தையையும் ஒன்றாக்குகிறாயா என்று கேட்பீர்கள். கேளுங்கள். கணக்குப் போடுவது நான் அல்ல. மிச்சம் கொஞ்சம்தான் என்று தெரிந்த நிமிடமே கண்ணாடியை நிறுத்துகிறவர்கள், மெத்தையை நிறுத்துகிறவர்கள், லிஃப்டை நிறுத்துகிறவர்கள் யாரோ, அவர்களிடம் போய்க் கேளுங்கள்.

படத்தைப் போட்டுப் பெயர் வாங்குகிறேன் என்று ஒருவர் சொன்னாராம். பெயர் வாங்க நினைத்திருந்தால் அழகான குட்டியாகப் பார்த்து எடுத்திருக்க மாட்டேனா?

கடைசியாக லிஃப்ட். ரோஸிக்கு இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறது, மூன்று மாடி ஏற முடியாது, 28 கிலோவை என்னால் தூக்கவும் முடியாது. வளர்ப்பு நாய்களை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று குடியிருப்புச் சங்கங்கள் தடுக்க முடியாது என இந்திய விலங்கு நல வாரியம் 2015-இலேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். கிழித்தால் இன்னொன்று ஒட்டுவேன். நாங்கள் லிஃப்டில்தான் வருவோம். வாடை பிடிக்காதவர்கள் படியில் ஏறலாம், அவர்களுடைய மூட்டெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.