தடை விரிகுடாவுக்கு அல்ல, கடற்புல்லுக்கு

ஸ்பெயினின் மயோர்க்காத் தீவுக்குப் படகில் போகிறவர்களிடம், "அங்கே இப்போது எங்கும் நங்கூரம் போட முடியாது, காசு கொடுத்து மிதவையில்தான் படகைக் கட்ட வேண்டும்" என்று சிலர் சொல்வது தவறு. இதை நம்பினால் இரவுக்கு இரவு வீண்செலவுதான்.

மயோர்க்கா அடங்கிய பலேயாரிக் தீவுகளின் 2018ஆம் ஆண்டு ஆணை காப்பது பொசிடோனியா என்னும் கடற்புல்லை. ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் மட்டுமே படரும் செடி அது. ஒரு நங்கூரம் பிடுங்கியது ஆற ஒரு தலைமுறை போதாது. அதன்மேல் நங்கூரம் போடத்தான் தடை. வெறும் மணலில் போடலாம், கட்டணமும் இல்லை. மயோர்க்காவின் எஸ் ட்ரெங்க் கடற்கரைக்கு எதிரே வெளிர்நீலமாகத் தெரிவது மணல். கருந்திட்டாகத் தெரிந்தால் புல்லோ பாறையோ, விலகிவிடுங்கள். தென்மேற்குக் காற்று எழுந்தால் படகு ஆடி அங்கே தூக்கம் வராது என்பது வேறு கதை.

பலர் சறுக்கும் இடம் நங்கூரச் சங்கிலி. ஐந்து மீட்டர் ஆழத்துக்கு முப்பது மீட்டர் சங்கிலி விட்டால், இரவில் காற்று திரும்பும்போது படகும் சுற்றும். நங்கூரம் மணலில் இருந்தும் சங்கிலி புல்லை அரைத்தால் குற்றம்தான். ஆகவே அந்த முழு வட்டமும் மணலாக இருக்கிறதா என்று பாருங்கள். நீச்சலுக்கான மஞ்சள் மிதவைகளுக்கு உள்ளே போகவே கூடாது.

மிதவையில்தான் கட்ட வேண்டும் என்பது மயோர்க்காவுக்குத் தெற்கே உள்ள கப்ரேரா தேசியப் பூங்காவுக்குப் பொருந்தும். அங்கே இரவு தங்க முன்பதிவும் மிதவையும் கட்டாயம்.