உர்ஷுலா டூஜாக்: சொல் இல்லாத பாட்டில் அசைக்குத்தான் வேலை அதிகம்

2007ல் பிலிப்பைன்ஸ் தொலைக்காட்சி விளையாட்டு நிகழ்ச்சி ஒன்றில் நடத்துநர் எடு மன்சானோ ஒரு பழைய பாட்டுக்கு ஆடினார். நாடே அந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டது. அதுதான் ‘பப்பாயா’ நடனம். பாட்டுக்கு அப்போதே முப்பது வயது தாண்டியிருந்தது. 1976ல் அரிஸ்டா இசை நிறுவனம் வெளியிட்ட ‘உர்ஷுலா’ ஆல்பத்தில் இருக்கிறது. பாடியவர் போலந்தின் ஜாஸ் பாடகி உர்ஷுலா டூஜாக். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பலர் ‘டட்ஸியாக்’ என்கிறார்கள். போலிஷ் காதுக்கு அது டூஜாக்.

இணையத்தில் அவரைப் பற்றித் தேடினால் இரண்டே செய்திதான் திரும்பத் திரும்ப வரும். ஒன்று இந்த நடனம். இன்னொன்று, ஐந்து ஸ்தாயி (ஆக்டேவ்) குரல். இரண்டும் அவருடைய கலையைத் தொடவே இல்லை என்பது என் கருத்து. ஸ்தாயி எண்ணிக்கை உடல் தந்தது. அவர் உழைத்துச் செய்தது, சொல்லை எடுத்துவிட்ட பிறகு குரலுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதைக் கண்டுபிடித்தது.

பிறந்தது 1943ல், பியெல்ஸ்கோ-பியாவா நகரையொட்டிய ஸ்ட்ராட்சோன்காவில். முதலில் படித்தது பியானோ. 1950களின் கடைசியில் அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஜெரால்டின் பதிவுகளைக் கேட்டபின் பாட வந்தார். ஸ்டாலின் காலத்தில் ஒதுக்கி வைக்கப்பட்ட ஜாஸ், 1956க்குப் பிறகு போலந்தில் மேடை ஏறிவிட்டது. 1958 முதல் வார்சாவில் ‘ஜாஸ் ஜம்போரி’ விழா நடந்தது. இசையமைப்பாளர் க்ஷிஷ்டோஃப் கொமேடா போன்றவர்கள் அமெரிக்க ஜாஸை நகலெடுப்பதை விட்டுத் தங்கள் இசையை எழுதிக்கொண்டிருந்தார்கள். சொல் இல்லாமல் பாடுவதும் டூஜாக் தொடங்கி வைத்ததல்ல. 1959ல் வந்த ‘ரயில்’ போலிஷ் திரைப்படத்தில் பாடகி வாண்டா வார்ஸ்காவின் வார்த்தையில்லாத குரல் படம் நெடுக மிதக்கும். 1964ல் தொடங்கிய ‘நோவி சிங்கர்ஸ்’ பாடகர் குழுவினர் நான்கு குரல்களை ஊதுகருவி வரிசைபோல அடுக்கினார்கள். டூஜாக் வந்தது இந்தத் தடத்தில். இது தெரியாமல் அவரை எல்லா ஃபிட்ஜெரால்டின் வாரிசு என்று மட்டும் சொல்வது அரைகுறை.

சொல் போய்விட்டால் பாடுவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கவேண்டும். ‘லா லா’ என்று ஆரம்பித்து எட்டாவது வரியிலும் ‘லா’விலேயே நிற்பார்கள். பாட்டில் சொல் இருக்கும்போது எந்த ஸ்வரம் அழுத்தமாக, எது மெல்ல, எங்கே நிறுத்தம் என்பதைச் சொல்லே பாதி தீர்த்துவிடும். அது இல்லாதபோது ஒவ்வொரு அசையையும் பாடகர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ப, த, க போன்ற வல்லெழுத்து ஸ்வரத்தைச் சுத்தியலால் தட்டியதுபோல் தொடங்கும். ம, ன வயலின் நரம்பில் வில்லை மெல்ல வைத்ததுபோல் தொடங்கும். பின்னால் வரும் உயிர்தான் நிறம்: ‘ஊ’ புல்லாங்குழல் பக்கம், ‘ஆ’ ட்ரம்பெட் பக்கம். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் கேட்டுப் பழகிய காது இதைச் சீக்கிரம் பிடிக்கும். ஒரு வித்தியாசம், அங்கே அசை தாளத்தைச் சொல்கிறது. இங்கே தாளத்தோடு ஸ்வரத்தையும் நிறத்தையும் சேர்த்துச் சுமக்கிறது.

‘பப்பாயா’வையே எடுத்துக்கொள்வோம். பாட்டில் சொல் என்று பார்த்தால் பழத்தின் பெயர்தான். வாய்க்கு முன் உள்ளங்கையை வைத்து ஆங்கிலேயர் மாதிரி ‘பென்’ என்று சொல்லுங்கள், ‘ப’வோடு ஒரு காற்று கையில் அடிக்கும். தமிழில் ‘பல்’ என்று சொன்னால் அந்தக் காற்று வராது. போலிஷ் ‘ப’வும் நம்முடையதைப் போலத்தான், காற்று இல்லாத உலர்ந்த ‘ப’. உதடு திறந்ததும் உயிரெழுத்து ஒலித்துவிடும். வேகமான அசைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், மணி மணியாக விழுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நம் வாயில் வேறு சிக்கல்: ‘பபாயா’ என்று எழுதினால் நடுவில் வரும் ‘ப’ தானாக மெலிந்துவிடும். அதனால்தான் ஒற்றுப் போட்டுப் ‘பப்பாயா’ என்கிறோம். கூடப் பாடிப் பார்ப்பவர்கள் அந்த இரண்டாவது ‘ப’வை மெலியவிடாமல் பாடிப் பாருங்கள், வேகம் எவ்வளவு கடினம் என்று தெரியும். மைக்கில் பாடினால் வாயிலிருந்து நான்கைந்து விரல் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் ஒவ்வொரு ‘ப’வும் ஸ்பீக்கரில் ‘தொம்’ என்று இடிக்கும்.

அடுத்தது வயலின். கணவராக இருந்த மிகாவ் உர்பானியாக் வயலின் கலைஞர். 1970களில் இருவரும் நியூயார்க்கில் குடியேறினார்கள். லாரி கொரியல், ஸ்டீவ் காட், ஆண்டனி ஜாக்சன் எல்லாம் வாசித்த ‘ஃப்யூஷன் III’ ஆல்பம் 1975ல் வந்தது. உர்பானியாக்கின் இந்தக் குழு இசையில் குரலும் வயலினும் ஒரே மெட்டைச் சேர்ந்தே ஓடும் இடங்களைக் கவனியுங்கள். குரலில் மெய்யெழுத்துக்கு என்று சிறு நேரம் பிடிக்கும். தட்டு விழும்போது ‘த’வைத் தொடங்கினால் உயிர் தாமதமாக வரும், வயலின் முந்திவிடும், இரண்டும் பிரிந்து கேட்கும். மெய்யெழுத்தைத் தட்டுக்கு ஒரு நூலிழை முன்பே முடித்து, உயிரைத் தட்டில் வைக்கவேண்டும். வயலினில் சின்ன அதிர்வு இருந்தால் குரலும் அதே அகலத்தில் அதிர வேண்டும், அல்லது இரண்டுமே நேராக நிற்கவேண்டும். இது சரியாக விழும்போது குரல், வயலின் என்று பிரித்துச் சொல்ல முடியாத மூன்றாவது வாத்தியம் ஒன்று கேட்கும்.

குரலின் ஒலியை மாற்றும் மின்கருவிகளைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேச முடியாது. அந்தக் காலத்தில் கிடைத்தவை பெரும்பாலும் கிடாருக்கும் கீபோர்டுக்கும் செய்தவை. குரலை அதில் விட்டால் முதல் பிரச்சினை இம்பீடன்ஸ், அதாவது கருவி மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை. மேடை மைக் சில நூறு ஓம் அளவில் பேசும், கிடார் பெட்டி அதைவிடப் பல மடங்கு உயர்ந்த தடையையும் வலுவான சிக்னலையும் எதிர்பார்க்கும். நடுவில் ட்ரான்ஸ்ஃபார்மர் வைக்காவிட்டால் குரல் மெலிந்து இரைச்சல் மேலே வரும்.

பாடியதை நாடாவில் பதிந்து சற்றுத் தாமதித்துத் திருப்பி ஒலிக்கும் டேப் எக்கோவில் 500 மில்லி செகண்ட் தாமதம் வைத்தால் நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்துக்குச் சரியாக ஒரு தட்டு. அதற்குப் பிறகு டிரம்மர் உற்சாகத்தில் ஓட முடியாது, எல்லோரும் பெட்டிக்குத்தான் அடிமை. திரும்பி வரும் ஒலி ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடக் குறையவேண்டும். குமிழைக் கொஞ்சம் கூட்டினாலும் ஒலி தன்மேல் தானே ஏறி ஊளையிடும். ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி கீழே இறக்கும் பெட்டி ‘ஊ’வில் நன்றாகப் பிடிக்கும். ‘ஸ’, ‘ஷ’ வந்தால் ஸ்வரம் எது என்று தெரியாமல் தடுமாறி வேறெங்கோ தாவும்.

பாடும் ஒலியைப் பெட்டியின் சொந்த ஒலியோடு சேர்த்து மாற்றும் ரிங் மாடுலேட்டர்தான் பாடகரின் காதை உண்மையில் சோதிக்கும். பெட்டியில் 300 ஹெர்ட்ஸ் வைத்து, 440ல் பாடினால் வெளியே வருவது கூட்டலும் கழித்தலும்: 740, 140. ஒரு ஸ்தாயி ஏறி 880 பாடினால் 1180, 580. பாடகர் இரட்டிப்பாக்கினார், வெளியே எதுவும் இரட்டிப்பாகவில்லை. தொண்டையில் பாடுவது ஒரு மெட்டு, மேடையில் கேட்பது இன்னொன்று. சுருதி சுத்தமாகப் பாடினால் போதாது, எந்தத் தப்பு அழகாக விழும் என்று தெரிந்திருக்க வேண்டும். மின்கருவி வைத்தால் குரலின் குறை மறையும் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும். இதில் குறை எல்லாம் பெருகித்தான் வரும்.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது? அரிஸ்டா ஆல்பங்கள் பளபளப்பானவை, 1977ன் ‘மிட்நைட் ரெய்ன்’ உட்பட. நல்ல நுழைவாயில், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். பியானோ கலைஞர் ஆடம் மகோவிச்சோடு செய்து 1974ல் கொலம்பியா இசை நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட ‘நியூபார்ன் லைட்’தான் என் தேர்வு. குரலும் தாளக்கருவியும் இவர், விசைக்கருவிகள் மகோவிச். பின்னால் பெரிய குழு இல்லாததால் ஒளிய இடமே இல்லை. மூச்சு எடுக்கும் இடம்கூட இசையில் பங்காகிறது. 1969ல் காலமான கொமேடாவின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய பாட்டு ஒன்று அதில் உண்டு. அதை முதலில் கேளுங்கள், பிறகு வேகமானவற்றுக்குப் போய்ச் செயலியில் பாதி வேகத்தில் ஓடவிட்டு அசைகளைக் காகிதத்தில் எழுதுங்கள். ஒரே அசை அடுத்தடுத்து எத்தனை முறை வருகிறது, எப்போது மாறுகிறது என்று பாருங்கள். மெட்டு திசை மாறும் இடத்தில் உயிரெழுத்தும் மாறுகிறதா என்று கவனியுங்கள்.

அது பழகிய பிறகு ‘வோகல் சம்மிட்’. 1980களின் தொடக்கத்தில் பாபி மெக்ஃபெரின், ஜீன் லீ, ஜே கிளேட்டன், லாரன் நியூட்டன் ஆகியோருடன் இவரும் சேர்ந்த ஐந்து குரல் கூட்டணி. இதில் டூஜாக்கைக் கண்டுபிடிக்க உச்ச ஸ்வரத்துக்காகக் காத்திருக்கவேண்டாம். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு குரலும் ஸ்வரத்தை எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று மட்டும் கேளுங்கள்.