மூத்த மகனையும் சேர்த்து எழுதுங்க பிரதர்

சொத்துல பங்கு வாங்கி அழிச்சுட்டு அப்பாகிட்ட திரும்பி வந்த கெட்ட குமாரன் கதைய வச்சு தேவனோட அன்புக்கு கண்டிஷனே கிடையாதுன்னு எழுதியிருக்கீங்க, சரிதான் பிரதர். பைபிள்ல லூக்கா 15ல அந்தப் பையன் 'என்னை கூலிக்காரனா வச்சுக்கோங்க'ன்னு கேக்க ரெடி பண்ணிட்டு வர்றான், அதுக்கு முன்னாடியே அப்பா நல்ல வஸ்திரம் கொண்டு வாங்கன்னுடறார். ஆனா தம்பிக்கு விருந்தான்னு கோவிச்சுக்கிட்டு வெளியவே நின்ன மூத்தவன பத்தி ஒரு வரி கூட காணோமே, சபைல பாதிப்பேர் அவன்தானே, பக்கத்து பெஞ்ச்காரங்களுக்கு ஸ்தோத்திரம் சொல்லவே யோசிக்கிறோம். அன்புன்னா நம்ம நாட்டுலயே ஆள் இருக்கு. 1999ல ஒடிசா மனோகர்பூர்ல ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெய்ன்ஸையும் அவரோட ரெண்டு பசங்களையும் வண்டிக்குள்ள தூங்கறப்ப உயிரோட எரிச்சாங்க. அவர் மனைவி கிளாடிஸ் மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டு ஆஸ்திரேலியாவுக்கு ஃப்ளைட் ஏறல, 2004 வரைக்கும் அதே ஒடிசாவுல பாரிபடாலயே இருந்து தொழுநோயாளிங்கள பாத்துக்கிட்டாங்க.