மாட்டுக்குப் பெயர் உண்டு

ஞாயிற்றுக்கிழமை ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயத்தில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. வீடியோ ஆளுக்கு நாலு குரூப்பில் வந்திருக்கும். முந்தைய பதிவில் நான் கேட்டது ஒரே கேள்வி. 300 மீட்டரில் முதல் பரிசு வாங்கிய வண்டியை ஓட்டியது யார்? நேற்றிலிருந்து வந்த கமெண்டுகளில் பாதி என் பிறப்பைப் பற்றியும் மீதி, ஜல்லிக்கட்டை எதிர்த்த பீட்டா அமைப்பைப் பற்றியும் இருக்கின்றன. கேள்விக்கு மட்டும் பதிலைக் காணோம்.

மைக்கில் என்னென்ன பெயர் வந்தது என்று வீடியோவை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். உரிமையாளர் பெயர், அவர் அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், ஒரு பவுன் காசு கொடுத்தவர் பெயர், பந்தல் போட்டவர், மோர் ஊற்றியவர். வலத்து மாட்டுக்கும் இடத்து மாட்டுக்கும் தனித்தனியாகப் பெயர் சொன்னார்கள். வலத்து மாட்டின் தாய் எந்தப் பட்டியில் பிறந்தது என்பதுவரை வந்தது. கயிற்றைப் பிடித்து ஓட்டி வந்த மனிதரின் பெயர் வரவில்லை. மேடைக்குக் கீழேயே ஒரு துண்டைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தத் துண்டும் கொஞ்ச நேரம் முன்னால் ஒரு பிரமுகருக்குப் போட்டுக் கழற்றிய துண்டுதான். அதையும் கவனித்துத் தொலைத்துவிட்டேன்.

நம் கொங்குப் பக்கத்து ரேக்ளா தெற்கத்திப் பந்தயம் மாதிரி மைல் கணக்கில் பல வண்டிகள் ஒன்றாக ஓடுவது இல்லை. ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள். இளங்காளைக்கு 200 மீட்டர், பெரிய மாட்டுக்கு 300 மீட்டர், கடிகாரம்தான் எதிரி. வினாடியில் ஒரு துளி வித்தியாசத்தில் ஒரு பவுன் அரைப் பவுனாகிவிடும். கொடி விழும் கணத்தில் இரண்டு மாடும் ஒரே எட்டு வைக்க வேண்டும். ஒன்று முந்தினால் வண்டி கோணும். இது ஓட்டுகிறவர் கையில் இருக்கிற வித்தை. கோடு தாண்டிய பிறகு, கூட்டத்துக்குள் பாயாமல் மாட்டை நிறுத்துகிறாரே, அது அதைவிடப் பெரிய வித்தை.

தெற்கே மாட்டுவண்டிப் பந்தயத்தில் சாரதி, துணைச் சாரதி இருவர் பெயரையும் தொண்டை கிழியச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அட, ஊட்டியில் குதிரைப் பந்தயம் நடந்தபோது ஜாக்கி பெயரை அச்சடித்தே கொடுத்தார்கள். குதிரைக்கு முதலாளி இல்லையா? அவர் தீனி போடுவதில்லையா? ஆகவே, "லட்சக்கணக்கில் செலவு பண்ணுகிறவர் பெயரைத்தானே சொல்வார்கள்" என்று எழுதிய நண்பருக்கு இதுதான் என் பதில். செலவு செய்தவர் பெயரைச் சொல்லுங்கள். பத்துத் தடவை சொல்லுங்கள். பதினோராவதாக இவர் பெயரையும் சொல்லுங்கள்.

"சாதியை ஏன் இழுக்கிறாய்?" நான் எந்தச் சாதியையும் எழுதவில்லை. பதிவு அப்படியே இருக்கிறது, போய்ப் பாருங்கள். ஒரு பெயர் கேட்டேன். உங்களுக்குச் சாதி ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"பீட்டா கைக்கூலி." இதுதான் சாப்பிட விடாமல் பண்ணிவிட்டது. 2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில், கோவை வ.உ.சி. மைதானத்தில், வேலைக்கு லீவு சொல்லாமலே, பனியில் படுத்துக் கிடந்தவன் நான். இன்றைக்கு என்னைத் திட்டுகிறவர்களில் இரண்டு பேர் அப்போது எனக்கு இட்லிப் பொட்டலம் கொண்டுவந்து தந்தவர்கள். அந்த மைதானத்தில் பக்கத்தில் படுத்தவன் யார், எந்த ஊர் என்று எவனும் கேட்கவில்லை. வழக்கின் கதையும் தெரியாதவன் இல்லை. பலர் ஜல்லிக்கட்டிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். 2006இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போன மனு ரேக்ளாவுக்கு அனுமதி கேட்டது. அதில்தான் ஜல்லிக்கட்டையும் சேர்த்துத் தடை விழுந்தது. அப்புறம் 2014 மே 7 உச்ச நீதிமன்றத் தடை, 2017இல் தடையை நீக்க நம் தமிழ்நாடு போட்ட சட்டம், 2023 மே 18இல் அந்தச் சட்டம் செல்லும் என்று ஐந்து நீதிபதிகள் சொன்னது. இத்தனை படியேறியும் நாம் சொன்ன வாதம் ஒன்றுதான். இது பண்பாடு, விவசாயிக்கும் மாட்டுக்கும் உள்ள உறவு. சரி, அந்த உறவு யாருடைய உறவு? ராத்திரி தோட்டத்துச் சாளையில் மாட்டுப் பக்கத்தில் படுத்தது யார்? பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தது யார்? கோர்ட்டில் அவரைக் காட்டி ஜெயித்துவிட்டு, மேடையில் ஏற்றமாட்டோம் என்றால் எப்படி?

மாட்டை விரட்டத் தார்க்குச்சியால் குத்துவது, வாலைக் கடிப்பது எல்லாம் தனி விசயம். அதைத் தொட்டால் இன்னும் நாலு பேர் அன்ஃபிரண்ட் பண்ணுவார்கள். அதெல்லாம் இப்போது கிடையாது என்கிறவர்கள், பரிசு வாங்குகிற பக்கம் நிற்காமல் வண்டி கிளம்புகிற பக்கம் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வாருங்கள். அவ்வளவுதான்.

பாரம்பரியம் என்று ஒருவர் கலித்தொகை அனுப்பியிருக்கிறார். நன்றி. அதிலுள்ள முல்லைக்கலியில் ஏறு தழுவுகிறவன் ஆயன், அதாவது மாடு மேய்க்கிறவன். பாட்டு அவனைப் பற்றித்தான், மாட்டுக்குச் சொந்தக்காரர் செலவு பண்ணிய கணக்கைப் பற்றி இல்லை. இன்னொன்று, நம் பக்கத்து அலகுமலைக்கும் செட்டிபாளையத்துக்கும் ஜல்லிக்கட்டு வாடிவாசல் வந்ததே 2017க்குப் பிறகுதான். அதற்கு முன்னால் நமக்கு எருது விளையாட்டு என்றால் ரேக்ளா, உடுமலைப் பக்கம் போனால் ஆல்கொண்டமால் கோயிலுக்கு விட்ட, மேளத்துக்கு ஆடுகிற சலகெருது. நேற்று வந்ததற்கு ஈராயிரம் வருசம் வயது சொல்லத் தெரிகிற நமக்கு, முந்தாநாள் ஓட்டியவர் பெயர் மட்டும் மறந்துபோகிறது.

காங்கேயம் மாட்டை வளர்த்தெடுத்தவர்கள் பழையகோட்டை ஜமீன்களான பட்டக்காரர்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் செவலையாகப் பிறந்த கன்று ஆறு மாதத்தில் சாம்பல் பூத்து மயிலையாக மாறுவதைத் தினம் தினம் கொறங்காட்டு மேய்ச்சலில் நின்று பார்த்தவன் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

அப்படிப்பட்டவர் பெயர் எங்கள் வீட்டிலும் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எப்படியும் கேட்பீர்கள். அப்பாரு, அதாவது தாத்தா காலத்தில் ஒரு ஜோடி மயிலை இருந்தது. வாங்கிய கோப்பைகள் இன்னமும் ஷோகேஸில் இருக்கின்றன. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு பந்தயத்தில் வண்டி சாய்ந்தது. போன வாரம் அப்பாவிடம் கேட்டேன்.

"அந்த வருசம் வண்டி சாஞ்சப்ப யாருக்குங்ப்பா அடி?"

"மயிலைக்குத்தான். முன்னங்கால் கொளம்பு பேந்துபோச்சு. தாராபுரத்துல இருந்து டாக்டரக் கூட்டியாந்தோம்."

"ஓட்டுன ஆளுக்கு?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆமா, அவனுக்குங் கால்ல என்னமோ."

அந்த என்னமோ, கால் முறிவு. கட்டுப் போட்டு மூன்று மாதம் படுத்திருந்தார். ஆத்தா கொடுத்தனுப்பிய ராகியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனது நான்தான். வாசலில் நின்று அவர் பெயரைச் சொல்லி, "டேய், ஆத்தா குடுத்துடச் சொன்னாங்க" என்றேன். எனக்கு 8 வயது. அவர் என் அப்பாவைவிட மூத்தவர். படுத்த வாக்கிலேயே "வந்துட்டீங்களா சாமி" என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட எங்களுக்கு என்றைக்குமே கூச்சம் இருந்ததில்லை பாருங்கள். மைக்கில் சொல்லத்தான் வாய் வராது.

"நீ திருப்பூரில் ஏசியில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறாய்" என்றும் ஒருவர். ஏசி ரிப்பேர் ஆகி ஒரு மாதம் ஆகிறது.

கடைசியாக, "ஓட்டியவரே ஒன்றும் சொல்லவில்லை, உனக்கென்ன?" இதற்குத்தான் என்னிடம் சரியான பதில் இல்லை. திங்கட்கிழமை சாயங்காலம் அவரைப் பார்க்கப் போனேன். தொட்டிப் பக்கத்தில் மாட்டை வைக்கோலால் தேய்த்துக்கொண்டிருந்தார். பதிவில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன்.

"பேரெல்லாம் வேண்டாங் சாமி."

"என்னைய சாமிங்காதீங்கண்ணா" என்றேன். சிரித்தார். ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால் இங்கே அவர் பெயர் இல்லை. மைக்கில் பேசியவர் விட்டதை நானும் விட்டிருக்கிறேன், வந்து திட்டுங்கள்.

கிளம்பும்போது, "அந்த வீடியோ உங்ககிட்ட இருக்குதுங்ளா?" என்று கேட்டார். காட்டினேன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். பரிசு கொடுக்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது தடவை, கொடி விழுகிற இடத்தில் விரலை வைத்து, "இடத்து மாடு ஒரு எட்டு பிந்தித்தான் எடுத்துருக்குது, பாத்தீங்களா" என்றார்.