சொரியாசிஸும் கோடையும்: ஒரு திருத்தம்

கோடை வந்தால் சொரியாசிஸ் என்னும் தோல் நோய் குணமாகிவிடும், அதனால் மருந்தை நிறுத்திவிடலாம் என்று இங்கே ஒருவர் குறிப்பிட்டிருக்கிறார். பலருக்குக் கோடையில் தடிப்புகள் குறைவது உண்மைதான். சூரிய ஒளியிலுள்ள புற ஊதா பி கதிர்கள் தோல் செல்கள் மிதமிஞ்சிப் பெருகுவதை மட்டுப்படுத்துகின்றன, ஒளிச்சிகிச்சையிலும் சுமார் 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள அதே வகைக் கதிர்களே பயன்படுகின்றன. ஆனால் அது தணிவுதானே தவிர, குணமன்று. சிலருக்கு எந்த மாற்றமும் இருப்பதில்லை. வெயிலில் தோல் கன்றிப்போனால், அந்த இடத்திலேயே வெள்ளிச் செதில் படர்ந்த புதிய தடிப்பு எழுவதும் உண்டு. மருந்தை, குறிப்பாக ஸ்டீராய்டை, மருத்துவரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தினால் நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பக்கூடும் என்பதால்தான் கவலையோடு இதை எழுதுகிறேன். சரிபார்க்க விரும்புவோர், உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட சொரியாசிஸ் அறிக்கையை அதன் இணையதளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். இது நாள்பட்ட நோய் என்பதை அதில் காணலாம்.