பேச்சுக் கொடுத்தது அவ்வளவு பெரிய குற்றமா?

முந்தாநாள் மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் நடந்ததைச் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதன் கீழே வந்து விழுந்திருக்கும் பதில்களைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ‘அந்தப் பையன் செய்ததுதான் சரி’, ‘உங்களுக்கு எதற்கு வேண்டாத வேலை’, ‘வயதானவர்களுக்கு எல்லை தெரிவதில்லை’. சரி, விரிவாகவே பேசிவிடுவோம்.

அங்கே காத்திருந்த ஓர் இளைஞரிடம் நான் கேட்டது இவ்வளவுதான்: “ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறீர்களா தம்பி?” பெயர் கேட்கவில்லை. என்ன நோய் என்று கேட்கவில்லை. வேலை, சம்பளம், கல்யாணம் எதையும் தொடவில்லை. அவர் காதில் எதையும் மாட்டியிருக்கவில்லை. கையில் போனும் இல்லை. என்னைப் போலவே சுவரில் டோக்கன் எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “உங்களை எனக்குத் தெரியுமா?” என்று அவர் கேட்ட குரலில் கூடமே திரும்பிப் பார்த்தது.

தெரிந்தவராக இருந்திருந்தால் வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டிருப்பேன். தெரியாதவர் என்பதால்தான் காத்திருப்பதைப் பற்றிக் கேட்டேன்.

பேசப் பிடிக்கவில்லையா, பேச வேண்டாம். ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் எனக்குப் புரியாதா? பேச மறுக்கும் உரிமை யாருக்கும் உண்டு. நான்கு பேர் முன்னால் ஒருவரைக் கூனிக் குறுக வைக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் இத்தனை பேர் எனக்கு அறிவுரை சொல்கிறீர்கள்.

பொது இடத்தில் ஒதுங்கி இருப்பதிலும் ஒரு மரியாதை இருக்கிறது. எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963-லேயே இதை விளக்கியிருக்கிறார். முன்பின் தெரியாத இருவர் எதிர்ப்படும்போது ஒரு கணம் பார்த்துக்கொள்கிறார்கள், பிறகு பார்வையை விலக்கிக்கொள்கிறார்கள். நீங்கள் இருப்பதைக் கவனித்தேன், உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன் என்பது அதன் பொருள். அந்தத் தம்பி அப்படி ஒதுங்கியிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இல்லை.

பெண்களின் பாதுகாப்பு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இது நியாயமான கேள்வி. நானும் பெண்தான். பஸ்ஸில் பேச்சுக் கொடுப்பதுபோல் தொடங்கி, எங்கே இறங்குகிறாய், தனியாகவா போகிறாய் என்று துருவுகிறவர்களை இளவயதில் நிறையவே பார்த்திருக்கிறேன். ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் நிறுத்திக்கொள்ள வேண்டும், அதற்குமேல் கேட்டால் அது தொல்லை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டு அதோடு நிறுத்திக்கொண்டவளையும் அந்தக் கணக்கில் சேர்ப்பீர்களா?

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் என்ன செய்வார்கள் என்கிறார் ஒருவர். கூச்சப்படுகிறவர் கூடமே திரும்பும்படி குரல் எழுப்பமாட்டார்.

‘யாருக்கும் இது பிடிக்காது’ என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கு ஒரு செய்தி. நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் ஆகிய இரு உளவியலாளர்கள் சிகாகோவில் ரயிலிலும் பஸ்ஸிலும் போகிறவர்களிடம் இதைச் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். பேசாமல் தனியாகப் போவதுதான் இனிமையாக இருக்கும் என்பது பயணிகளின் எதிர்பார்ப்பு. உண்மையில், பக்கத்தில் இருந்தவரிடம் பேசும்படி சொல்லப்பட்டவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்தது.

எனக்கு ஆய்வே தேவையில்லை. அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த இரவில், பக்கத்து நாற்காலிப் பெண் என் போன் அணைந்துபோனதைப் பார்த்துவிட்டுத் தன் சார்ஜரை நீட்டி, “உள்ளே யாரு அக்கா?” என்று கேட்டார். “அம்மா” என்றேன். மத்தியானத்திலிருந்து நான் வாய் திறந்தது அப்போதுதான். விடியும்வரை டாக்டர் வரமாட்டார், கொஞ்சம் சாய்ந்துகொள்ளுங்கள், கூப்பிட்டால் நான் எழுப்புகிறேன் என்றார். சொன்னபடியே எழுப்பவும் செய்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவரிடம் நான் ‘உங்களை எனக்குத் தெரியுமா’ என்று கேட்டிருக்க வேண்டும், அப்படித்தானே?

2018-இல் பிரிட்டன் தனிமையைக் கவனிக்க ஓர் அமைச்சரையே நியமித்தது. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் சமூகப் பிணைப்புக்கென்று ஓர் ஆணையம் அமைத்தது. இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் பகிர்ந்து உருகுகிறீர்கள். அந்தத் தனிமையில் இருக்கும் ஒருவர் பக்கத்து நாற்காலியிலிருந்து வாய் திறந்தால் மட்டும் எல்லை தெரியாதவர் ஆகிவிடுகிறார்.

எனக்கு உண்மையில் வலித்தது அந்தத் தம்பி கேட்டதுகூட இல்லை. அவருக்கு உள்ளே என்ன கவலையோ. வலித்தது உங்கள் பதில்கள். உங்களில் பெரும்பாலோரை நான் நேரில் பார்த்ததே இல்லை. நான் கூப்பிடாமலேயே என் பதிவுக்குள் வந்து, என் வயதைச் சொல்லி, என் வளர்ப்பைச் சொல்லி எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஒருவரிடம் ‘ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறீர்களா’ என்று நான் கேட்டது அத்துமீறல் என்றால், இது என்ன? இதற்கு மட்டும் யாராவது பதில் சொல்லுங்கள்.